முதல் மெக்கானிக்கல் வாட்ச்: வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சில லட்சங்கள் சேர்த்துவைத்து, எந்த மெக்கானிக்கல் வாட்சை வாங்குவது என்று முடிவுக்கு வர முடியாமல் இருக்கும் அன்பர்களுக்கு,

மெக்கானிக்கல் வாட்ச் என்பது இறுகச் சுருட்டிய ஒரு ஸ்பிரிங் விரியும் விசையில் ஓடும் இயந்திரம். பேட்டரி கிடையாது. சாவி கொடுத்தால் மெயின்ஸ்பிரிங் இறுகுகிறது. அதன் விசை பற்சக்கரங்கள் வழியாக எஸ்கேப்மென்ட் என்னும் பகுதிக்கு வந்து சேர்கிறது. மொத்த விசையும் ஒரே மூச்சில் ஓடித் தீர்ந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடுவது எஸ்கேப்மென்ட்டின் வேலை. அது விடும் ஒவ்வொரு முறையும் பேலன்ஸ் வீல் என்ற ஊசலாடும் சக்கரம் ஓர் உந்துதல் பெற்றுத் திரும்புகிறது. ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. காதில் கேட்கும் டிக் டிக் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஆட்டோமேட்டிக் ரகத்தில், கை அசையும்போது உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழன்று தானே சாவி கொடுத்துக்கொள்ளும். மற்றபடி கையால் சாவி கொடுக்கும் ரகமும் இதுவும் ஒன்றுதான்.

இன்று பரவலாக உள்ள வேகம் மணிக்கு 28,800 அடிப்பு. நொடிக்கு 8, ஒரு நாளுக்கு 6,91,200, ஆண்டுக்கு 25 கோடிக்கும் மேல். ஒரு நாளில் இருக்கும் 86,400 நொடிகளில் 5 நொடி தப்பினாலும் பிழை நூற்றுக்கு 0.006 தான். புவியீர்ப்பையும் மீறி இரும்பும் எண்ணெயும் சேர்ந்து இவ்வளவு துல்லியம் தருவது வியப்புக்குரியது. ஆனால் சில நூறு ரூபாய் விலையுள்ள குவார்ட்ஸ் வாட்ச் இதைவிடத் துல்லியமாக ஓடும். அதனுள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்வதால், மாதத்துக்கு ஏறத்தாழ 15 நொடிதான் தப்பும். சிறந்த மெக்கானிக்கல் வாட்ச் மூன்றே நாளில் அந்தப் பிழையைத் தொட்டுவிடக்கூடும்.

இந்த உண்மை சுவிட்சர்லாந்தின் ஒரு தொழிலையே ஏறக்குறைய மூழ்கடித்தது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சைகோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 4,50,000 யென் விலையில் விற்பனைக்கு விட்டது. 1970இல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுப்பகுதியில் மிஞ்சியவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே. நம் பக்கத்திலும் அதே கதைதான். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., ஓசூரில் இருந்து டைட்டனின் குவார்ட்ஸ் வாட்சுகள் வரத் தொடங்கிய பிறகு எழவே இல்லை. அந்த வெள்ளத்தில் தப்பிய சுவிஸ் நிறுவனங்கள், மணி காட்டும் கருவி விற்பதை விட்டுக் கைவேலையை விற்கத் தொடங்கின. ஆகவே இந்த விலையில் வாங்கப்படுவது துல்லியம் அல்ல. அதைத் துல்லியம் என்று எண்ணிப் பட்டியல் போட்டு ஒப்பிடுகிறவர்கள்தான் கடையில் அதிகம் குழம்புகிறார்கள்.

இருந்தாலும் துல்லியத்துக்கு அளவுகோல்கள் உண்டு; விற்பனையாளர் அவற்றைச் சொல்லத்தான் செய்வார். சுவிட்சர்லாந்தின் காஸ்க் அமைப்பு, பெட்டிக்குள் பொருத்தாத இயந்திரத்தை 15 நாள், ஐந்து கிடைகளில், மூன்று வெப்பநிலைகளில் சோதிக்கிறது. நாளுக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்குவதற்கும் 6 நொடி முந்துவதற்கும் இடையில் ஓடினால் க்ரோனோமீட்டர் என்ற சான்று கிடைக்கும். ரோலெக்ஸ் அந்தச் சான்றுக்கு மேல், பெட்டிக்குள் பொருத்திய பிறகு தானே ஒரு முறை சோதித்து, நாளுக்கு இரு பக்கமும் 2 நொடிக்குள் என்கிறது. ஒமேகா பின்பற்றும் மெட்டாஸ் சான்று பின்தங்கவே விடாது: பூஜ்யத்திலிருந்து 5 நொடி வரை முந்தலாம். கிராண்ட் சைகோ தன் மெக்கானிக்கல் இயந்திரங்களை 17 நாள், ஆறு கிடைகளில் பார்க்கிறது. அன்றாட வாழ்வில் இந்த வேறுபாடுகள் ஒன்றுமே இல்லை. எப்படியும் வாரத்துக்கு ஒருமுறையாவது முள்ளைத் திருத்தி வைக்கத்தான் வேண்டும்.

இனி, உண்மையில் அருகருகே வைத்துப் பார்க்கப்படும் நான்கு வாட்சுகள். விலையில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின் இருந்தாலும், முதல் வாட்சாக ஒன்றை வாங்குகிறவர் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றி வருவார்.

முதலாவது ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர், 36 மி.மீ. கறுப்பு டயல், 3, 6, 9 என்ற எண்கள், தேதி கிடையாது. உள்ளே 3230 என்ற இயந்திரம்; முழுச் சாவியில் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது இதன் பொருள். 100 மீட்டர் நீர் தாங்கும். 1953 எவரெஸ்ட் பயணத்தோடு இதன் பெயர் பிணைந்திருக்கிறது. அந்தப் பயணத்துக்கு ரோலெக்ஸ் வாட்ச் கொடுத்தது உண்மை. பிரிட்டனின் ஸ்மித்ஸ் நிறுவனமும் கொடுத்தது, ஹிலரியின் பெயரைச் சொல்லி விளம்பரமும் செய்தது. கதைக்காக வாங்குகிறவர்கள் கதையின் இரண்டாம் பாதியையும் தெரிந்துகொள்வது நல்லது. கதையை விலக்கிப் பார்த்தாலும் எக்ஸ்ப்ளோரர் நல்ல வாட்ச். குறிப்பாக அதன் செயின் கொக்கியில் ஈஸிலிங்க் என்றொரு சிறு கண்ணி மடங்கியிருக்கும்; விரலால் நிமிர்த்தினால் செயின் 5 மி.மீ. நீளும். சித்திரை வெயிலில் மதியத்துக்கு மேல் மணிக்கட்டு உப்புகிறவர்களுக்கு இந்த ஐந்து மில்லிமீட்டரின் அருமை தெரியும்.

இரண்டாவது ஒமேகா அக்வா டெர்ரா, 38 மி.மீ. 8800 என்ற இயந்திரம், 55 மணி நேரம், 150 மீட்டர். இதன் எஸ்கேப்மென்ட் வேறு குடும்பம். ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் வடிவமைத்த கோ-ஆக்சியல் முறை அது. வழக்கமான முறையில் பற்கள் உரசிச் சறுக்கும் இடத்தில் இங்கே உரசல் குறைவு, அதனால் எண்ணெயை நம்பியிருப்பதும் குறைவு. சுவிஸ் நிறுவனங்கள் பல ஆண்டுகள் ஏற்கத் தயங்கிய இந்த முறையை 1999இல் ஒமேகா சந்தைக்குக் கொண்டுவந்தது. காந்தத்துக்கு அசையாதது இதன் பெரிய பலம்: 15,000 காஸ் வரை தாங்கும். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப் புலம் சரியாக அந்த அளவுதான். அதற்காகக் கட்டிக்கொண்டே உள்ளே போகலாம் என்று பொருள் இல்லை. மடிக்கணினி மூடி, ஸ்பீக்கர், கைப்பையின் காந்தக் கொக்கி ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கலாம் என்பதே பொருள். சாதாரண மெக்கானிக்கல் வாட்சில் காந்தம் ஏறினால் ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நாளுக்குச் சில நிமிடங்கள்கூட முந்தும். வாட்ச் கெட்டுவிட்டது என்று பதறிக் கொண்டுவரப்படும் பல வாட்சுகளுக்குத் தேவைப்படுவது அரை நிமிடக் காந்த நீக்கம் மட்டுமே.

மூன்றாவது கிராண்ட் சைகோவின் ‘ஸ்னோஃப்ளேக்’, 41 மி.மீ., டைட்டானியம். இதை மெக்கானிக்கல் என்று சொல்வதில் ஆர்வலர்களுக்குள் ஓயாத சண்டை உண்டு. ஸ்பிரிங்கில்தான் ஓடுகிறது, பற்சக்கரங்களும் வழக்கமானவையே. ஆனால் கடைசியில் டிக் டிக் என்று தட்டும் எஸ்கேப்மென்ட்டுக்குப் பதிலாக ஒரு சிறு சக்கரம் நிற்காமல் சுழல்கிறது. அந்தச் சுழற்சியே உண்டாக்கும் துளி மின்சாரத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் இயங்கி, சக்கரத்தின் வேகத்துக்குக் காந்தத்தால் கடிவாளம் போடுகிறது. ஸ்பிரிங் டிரைவ் என்று பெயர். பேட்டரி இல்லை, பிழை நாளுக்கு ஒரு நொடிக்குள், 72 மணி நேரம் ஓடும். நொடிமுள் துள்ளாது, வழுக்கிப் போகும். டயல், நாகானோ மாநிலத்தில் வாட்ச் செய்யப்படும் இடத்தைச் சுற்றியுள்ள மலைப்பனியின் சொரசொரப்பை வெள்ளையில் காட்டுகிறது. முட்களின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும்: மேல்பரப்பு கண்ணாடிபோல் தட்டை, ஓரம் சீராகச் சீவியது, இரண்டும் சந்திக்கும் கோட்டில் மழுங்கலே இல்லை. இந்த விலையில் இவ்வளவு சுத்தமான வேலை சுவிஸ் வாட்சுகளில் அரிது. விளக்கொளி மங்கிய உணவகத்திலும் அந்த முட்கள் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் இந்தச் சீவல்தான்; வெறும் அலங்காரம் அல்ல.

நான்காவது ஷேஷே-லெகூல்த்ரின் ரிவெர்ஸோ. இது முற்றிலும் வேறு சாதி. செவ்வகப் பெட்டி, பக்கவாட்டில் தள்ளினால் தொட்டிலிலிருந்து நகர்ந்து, தலைகீழாகப் புரண்டு, எஃகு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி பொருந்தும். பிறந்த கதை இந்தியாவைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இங்கே போலோ ஆடிய அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி மட்டை பட்டு உடைந்துகொண்டே இருந்ததால், முகத்தைத் திருப்பி மறைக்கும் வாட்ச் ஒன்று கேட்கப்பட்டது. பிரெஞ்சுப் பொறியாளர் ஷோவோ 1931இல் அதற்குக் காப்புரிமை கோரினார். இன்று கடைகளில் உள்ள ட்ரிப்யூட் ஸ்மால் செகண்ட்ஸ் 45.6க்கு 27.4 மி.மீ.; தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டும், 42 மணி நேரம் தாங்கும். நீர் தாங்குவது 30 மீட்டர் மட்டுமே. நான்கில் மிக அழகானது இதுதான். நம் ஊர் மழைக்கும் வியர்வைக்கும் மிகக் குறைவாகப் பொருந்துவதும் இதுதான்.

டூர்பியான், நிரந்தரக் காலண்டர், நிமிடம் அறிவிக்கும் மணி போன்ற சிக்கலான வேலைப்பாடுகள் முதல் வாட்சுக்குத் தேவையில்லை. டூர்பியான், பையில் நிமிர்ந்தே கிடக்கும் பாக்கெட் கடிகாரத்தில் புவியீர்ப்பால் வரும் பிழையைச் சமன்செய்யக் கடிகாரக் கலைஞர் ப்ரெகே 1801இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. கையில் நாலா பக்கமும் அசையும் வாட்சில் அதன் பயன் சொற்பம், செலவோ ஏராளம். அதுபோலவே இயந்திரம் நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பா என்ற கேள்விக்கும் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கப்படுகிறது. ஈட்டா, செலிட்டா நிறுவனங்களின் இயந்திரங்களை வாங்கிப் பொருத்தும் வாட்சுகளைப் பழுது பார்க்க ஆள் எளிதில் கிடைப்பார். மேற்சொன்ன நான்குக்கும் அப்படிக் கிடைக்க மாட்டார்.

அளவுதான் வாங்கியபின் மிக அதிகம் வருத்தம் தரும் விஷயம். எல்லாரும் விட்டத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது செயின் மாட்டும் மேல் காதிலிருந்து கீழ்க் காது வரையிலான நீளம். அது மணிக்கட்டின் தட்டையான பகுதியைத் தாண்டி வெளியே நீட்டினால், எந்த வாட்சும் இரவல் வாங்கியது போலத்தான் இருக்கும். ஆறரை அங்குலத்துக்குக் குறைந்த மணிக்கட்டுகளுக்கு 36, 38 மி.மீ. நன்றாக அமரும், 41 யோசிக்க வைக்கும், டைட்டானியத்தின் லேசான எடை அதைக் கொஞ்சம் மன்னிக்க வைக்கும். தடிமன், முழுக்கைச் சட்டை போடுகிறவர்களின் கவலை. கடையில் கையை மேசைமேல் வைத்துப் பார்ப்பதால் எதுவும் தெரியாது, கைபேசியில் எடுக்கும் படம் வாட்சைப் பெரிதாகக் காட்டும். ஆளுயரக் கண்ணாடி முன் நின்று, கையைத் தொங்கவிட்டுப் பார்ப்பதே சரி. கட்டி அரை மணி நேரமாவது ஆன பிறகு வாட்ச் உறுத்தத் தொடங்கினால், அது போகப் போகச் சரியாகாது.

வெப்பமும் உப்புக் காற்றும் உள்ள ஊர்களில் தோல் ஸ்ட்ராப் ஓராண்டிலேயே நாறத் தொடங்கிவிடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் தினமும் கட்டுவதற்கு உலோகச் செயினோ ரப்பரோதான் சரி. கண்ணாடிக்குக் கீழே 30 மீட்டர் என்று எழுதியிருப்பது முப்பது மீட்டர் ஆழம் போகலாம் என்பதற்கான அனுமதி அல்ல. கை கழுவும்போது தெறிக்கும் நீருக்குத்தான் அது. நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும். அந்த எண்ணும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் புதிதாக இருக்கும்வரைதான் செல்லும்.

அடுத்தது சர்வீஸ். கடையில் யாரும் தாமாகப் பேசாத பொருள் இது. ஆண்டுக்கு 25 கோடி முறை உரசும் ஓர் இயந்திரத்தில் எண்ணெய் காய்ந்துகொண்டே இருக்கும். ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் கழுவி, புது எண்ணெய் வைத்து, வளையங்களை மாற்றி, நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடுகிறதே என்று விட்டால், காய்ந்த எண்ணெய் பற்களையும் தண்டுகளையும் தேய்த்துவிடும்; பிறகு செலவு பல மடங்கு. எச்.எம்.டி. ஜனதாவைத் தெருமுனை ரிப்பேர் கடையில் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து வாங்கிய தலைமுறைக்கு இது புதிய வேதனை. பெரிய நிறுவனங்கள் உதிரி பாகங்களை வெளிக் கடைகளுக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. ஒமேகாவின் உரிமையாளரான ஸ்வாட்ச் குழுமம் 2015 இறுதியோடு பெரும்பாலும் நிறுத்திவிட்டது. கைத்திறன் உள்ள மெக்கானிக் பக்கத்திலேயே இருந்தாலும் பாகம் இல்லாமல் அவரால் எதுவும் செய்ய முடியாது. எனவே வாங்கும் முன் கேட்க வேண்டியவை: அதிகாரபூர்வ சர்வீஸ் எந்த ஊரில் நடக்கிறது, வாட்ச் வெளிநாடு போக வேண்டுமா, எத்தனை மாதம், இன்றைய கட்டணம் எவ்வளவு. ஸ்பிரிங் டிரைவை நிறுவனத்தின் ஆட்கள் தவிர மற்றவர்கள் தொடுவது அரிது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். வாரண்டி, ரோலெக்ஸிலும் ஒமேகாவிலும் ஐந்து ஆண்டு. ஷேஷே-லெகூல்த்ரில் பதிவு செய்தால் எட்டு ஆண்டு வரை. சர்வீஸின்போது பாலிஷ் போடட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே நல்ல பதில்: ஒவ்வொரு பாலிஷிலும் பெட்டியின் கூர் விளிம்பு கொஞ்சம் கரைகிறது, கரைந்தது திரும்பாது.

விலையில் ஒரு பகுதி வரி. இந்தியாவில் வாட்சுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா நாடுகளோடு இந்தியா செய்த ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது; அதன்படி சுவிஸ் வாட்சுகளின் இறக்குமதித் தீர்வை ஆண்டுதோறும் படிப்படியாகக் குறையும். நிறுவனங்கள் விலையை உயர்த்தும் வேகம் அந்தக் குறைப்பை விழுங்கிவிடக்கூடும் என்பதால், அதற்காகப் பல ஆண்டுகள் காத்திருப்பதில் பொருள் இல்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கட்டாயம். அந்தத் தொகையை ரொக்கமாக வாங்கவும் கடைக்காரருக்கு அனுமதி இல்லை. பத்து லட்சத்தைத் தாண்டினால் 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு சதவீதம் டி.சி.எஸ். பிடிக்கப்படுகிறது, வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு வந்தாலும் விமான நிலையத்தில் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்தால் வெளிநாட்டு விலையின் மலிவு பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

மறுவிற்பனை பற்றி. கொரோனா காலத்தில் ஏறிய ரோலெக்ஸ், பதெக் பிலிப் வாட்சுகளின் மறுவிற்பனை விலைகள் 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்டு, பிறகு சரிந்தன. அந்த உச்சியில் ‘முதலீடு’ என்று வாங்கியவர்கள் பட்டது போதும். பொதுவாக எக்ஸ்ப்ளோரர் விலை அதிகம் இறங்காது, ஆனால் கடையில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒமேகா, கிராண்ட் சைகோ, ரிவெர்ஸோ மூன்றும் கடையை விட்டு வெளியே வந்த கணமே கணிசமாக இறங்கும். இதிலிருந்து ஒரு வழி தானாகவே கிடைக்கிறது: ரோலெக்ஸ் என்றால் அதிகாரபூர்வக் கடையில் புதிது, மற்ற மூன்று என்றால், நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்டைத் தேடுவது புத்திசாலித்தனம். முதல் சொந்தக்காரர் அந்த இறக்கத்தை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

செகண்ட் ஹேண்டில் பயப்பட வேண்டியது போலி வாட்சுகளுக்குத்தான். இன்றைய ‘ஃபர்ஸ்ட் காப்பி’கள் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு முன்னேறிவிட்டன; பெட்டியும் கார்டும்கூடப் போலியாக வரும். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்கக் கூடாது. அசல் வாட்சிலும் டயலோ முள்ளோ மாற்றப்பட்டிருக்கலாம். டைம்கிராபர் என்ற கருவியின் மேல் வைத்தால் வாட்சின் அடிப்பைக் கேட்டு, நாளுக்கு எத்தனை நொடி முந்துகிறது, பேலன்ஸ் வீல் எத்தனை பாகை வீசுகிறது என்று சொல்லும். முழுச் சாவியில் 270 பாகைக்கு அக்கம்பக்கம் இருந்தால் நலம். 220க்குக் கீழே என்றால் உடனே சர்வீஸ் என்று வைத்துக்கொண்டு அந்தக் கட்டணத்தை விலையில் குறைக்கச் சொல்லலாம். ஸ்னோஃப்ளேக்கை இந்தக் கருவியால் அளக்க முடியாது. தட்டும் ஒலியே அதில் இல்லை.

நான்கையும் அன்றாட வாழ்வில் வைத்துப் பார்த்தால் தேர்வு அவ்வளவு கடினம் அல்ல. ஒரே வாட்ச், எல்லா இடத்துக்கும், இருபது ஆண்டு என்று நினைப்பவருக்கு எக்ஸ்ப்ளோரர். காந்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே வேலை பார்ப்பவர், காத்திருக்கவும் விரும்பாதவர் என்றால் அக்வா டெர்ரா; பணத்துக்கு ஈடான பொறியியலில் நான்கில் இதற்கே முதலிடம் தரலாம். அருகில் வைத்துப் பார்க்கப் பார்க்கப் பிடிக்க வேண்டும் என்றால், மணிக்கட்டும் இடம் கொடுத்தால், ஸ்னோஃப்ளேக். ரிவெர்ஸோ, ஏற்கெனவே தினசரி வாட்ச் ஒன்று வைத்திருப்பவருக்கு.

வாங்கும் நாளில் கடைக்காரர் முன்னிலையிலேயே சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். வாரண்டி கார்டில் உள்ள எண்ணும் பெட்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா, கார்டில் தேதி நிரப்பப்பட்டதா, பில்லில் மாடல் எண் இருக்கிறதா. செயினிலிருந்து எடுத்த கண்ணிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிற்பாடு தனியாக வாங்கினால் விலை கசக்கும். தேதி காட்டும் வாட்சில் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே தேதியைத் திருகி மாற்றாமல் இருப்பது பாதுகாப்பு. அந்த நேரத்தில் பல இயந்திரங்களில் தேதிச் சக்கரத்தின் பற்கள் பிணைந்திருக்கும்.

முதல் மாதம் தினமும் ஒரே நேரத்தில் கைபேசி மணியோடு ஒப்பிட்டு நொடிக் கணக்கைக் குறித்துவைத்தால் வாட்சின் குணம் தெரிந்துவிடும். இரவில் டயல் மேலே பார்க்க வைத்தால் ஒரு மாதிரியும், சாவி மேலே பார்க்கச் சாய்த்து வைத்தால் வேறு மாதிரியும் ஓடும். பகலில் இரண்டு நொடி முந்துவதை இரவில் வைக்கும் கிடையை மாற்றியே ஈடுகட்டிவிடலாம். அப்படியும் நிறுவனம் சொன்ன வரம்பைத் தாண்டி ஓடினால், வாரண்டியிலேயே ரெகுலேட் செய்து தரச் சொல்லலாம். அந்தக் குறிப்பைக் கையோடு கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இப்படிக்கு,
கைக்கடிகார ஆர்வலர் ஒருவர்